சிறு பந்தய வண்டியும் எங்கள் பெண் பிள்ளைகளும்

இயந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் எமது மனதில் தோன்றுவது பெரும்பாலும் கிறீஸ் படிந்த உடையுடன் நிற்கும் ஓர் ஆணின் உருவமே. உண்மையில் நாள் முழுவதும் இயந்திரங்களோடு புழங்குபவள் பெண்தான். தையல் மெசின், கிறைண்டர், பிறெஷர் குக்கர், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் என்று அவள் கைபடாத இயந்திரம் இல்லை. ஆனால் அவள் பாவிக்கும்போது அவை வெறும் வீட்டுச் சாமான்கள். ஆண் கைவைத்தால் மட்டுமே அவை 'மெசின்' ஆகின்றன. பொருள் ஒன்றுதான். அதைத் தொடுபவர் யார் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறிவிடுகின்றது. பால்நிலை பற்றிப் பேசும்போது நாம் சொல்லவருவது இதனைத்தான்.

இம்முறை வாசகிகளோடு 'கோ-கார்ட்' எனப்படும் சிறு பந்தய வண்டியைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். பெண்கள் சஞ்சிகையில் பந்தய வண்டிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அந்த வண்டியின் சட்டகத்தில் ஓர் ஆசனத்தையும் நான்கு வீச்சு எஞ்சினையும் பூட்டுவது எப்படி என்று பார்த்தால், ஓர் இயந்திரம் எவருடைய உடலை நினைத்துச் செய்யப்படுகின்றது என்பதும் சேர்ந்தே விளங்கும். அது பெண்ணின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

வண்டி பிறந்த கதை

கார்ட் என்பது மிக எளிமையான வாகனம். உருக்குக் குழாய்களை வளைத்து ஒட்டிய ஒரு சட்டகம், நான்கு சிறிய சில்லுகள், ஓர் ஆசனம், ஓர் எஞ்சின். கூரை இல்லை, கதவு இல்லை, சுருள்வில் இல்லை. அமர்ந்திருப்பவரின் முதுகு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1956 ஆம் ஆண்டில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் இதனை முதன்முதலில் உருவாக்கினார். பந்தயக் கார்களைச் செய்யும் தொழிலாளியான அவர், தன் நண்பர் லூ பொரெல்லியோடு சேர்ந்து, புல்வெட்டும் இயந்திரங்களுக்கென்று தயாரிக்கப்பட்ட சிறிய எஞ்சின் ஒன்றைக் குழாய்ச் சட்டகத்தில் பூட்டினார். அதன் வலு சுமார் இரண்டரைக் குதிரைவலு மட்டுமே. சில ஆண்டுகளுக்குள் இந்த விளையாட்டு உலகெங்கும் பரவியது. ஆகவே கார்ட் வண்டி ஆடம்பரப் பொருளாகப் பிறந்ததல்ல. வேறு வேலைக்குச் செய்யப்பட்ட எஞ்சினை எடுத்துப் பூட்டும் கைவேலையிலிருந்தே அது பிறந்தது.

ஜேர்மனியின் கேர்பன் நகரில் ஒரு கொத்தனார் தன் 4 வயது மகனின் மிதிவண்டிக் கார்ட்டில் மோட்டார் சைக்கிளின் சிறிய எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தார். சிறுவன் அதனைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் மோதினான். தெருவில் விடாமல் ஒழுங்கான ஓடுபாதைக்கு அவனை அழைத்துச் செல்லலாம் என்று பெற்றோர் முடிவு செய்தனர். தந்தை அங்கே வண்டிகளைத் திருத்தினார், தாய் அங்குள்ள உணவுச்சாலையில் வேலை செய்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் 7 தடவை போர்மியுலா வன் உலக சம்பியனான மைக்கல் ஷூமாக்கர். எஞ்சின் பூட்டிய தந்தையின் கதையைப் பலர் அறிவர். உணவுச்சாலையில் நின்று உழைத்த தாயைப் பற்றிய பேச்சு குறைவு.

பெண்களும் இத்துறையில் சாதித்துள்ளனர். இத்தாலியைச் சேர்ந்த சூசன்னா ரகனெல்லி 1995 இல் உலக கார்ட்டிங் சம்பியன் பட்டத்தை வென்றார். அமெரிக்காவின் டானிக்கா பற்றிக் 10 வயதில் கார்ட் ஓட்டத் தொடங்கி, 2008 இல் ஜப்பானில் நடைபெற்ற இன்டிகார் பந்தயத்தில் வெற்றி பெற்றார். அவ்வகைப் பந்தயமொன்றில் வென்ற முதலாவது பெண் அவரே.

இரண்டு வீச்சா, நான்கு வீச்சா?

கராஜ்களில் 'டூ ஸ்ரோக்', 'போர் ஸ்ரோக்' என்று பேசிக்கொள்வதை வாசகிகள் கேட்டிருப்பீர்கள். எஞ்சினின் உள்ளே ஒரு தண்டு மேலும் கீழுமாக ஓடுகின்றது. அது மேலே அல்லது கீழே ஒரு முறை செல்வது ஒரு வீச்சு. எரிபொருளை உள்ளே இழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியே தள்ளுதல் ஆகிய நான்கு வேலைகளையும் நான்கு வீச்சுக்களில் செய்வது நான்கு வீச்சு எஞ்சின். அதே வேலைகளை இரண்டு வீச்சுக்களில் முடிப்பது இரண்டு வீச்சு எஞ்சின்.

இரண்டு வீச்சு எஞ்சின் இலேசானது, மிக விரைவாகச் சுழலக்கூடியது. ஆனால் பெற்றோலோடு ஒயிலையும் கலந்து எரிப்பதால் புகை அதிகம், சத்தமும் அதிகம், அடிக்கடி பிரித்துத் திருத்தவும் வேண்டும். இதே புகையின் காரணமாகவே 2008 இல் இலங்கையில் இரண்டு வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நான்கு வீச்சு எஞ்சினோ பாரம் கூடியது, ஆனால் சிக்கனமானது, நீண்ட காலம் உழைக்கக் கூடியது. புதிதாகப் பழகுபவருக்கு இதுவே உகந்தது.

பந்தயக் கார்ட் சட்டகங்களில் பல இரண்டு வீச்சு எஞ்சினுக்கென்றே செய்யப்பட்டவை. பழைய சட்டகமொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதில் நான்கு வீச்சு எஞ்சினைப் பூட்டுவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அதற்கு அதிகம் பாவிக்கப்படுபவை ஹொண்டா நிறுவனத்தின் ஜீஎக்ஸ் 160, ஜீஎக்ஸ் 200 போன்ற எஞ்சின்களும் அவற்றை ஒத்தவைகளுமாகும். எமது தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் பம்ப்களிலும் இவ்வகை எஞ்சின்தான் இருக்கின்றது. கயிற்றை இழுத்து ஸ்ராட் செய்கின்றோமே, அதே எஞ்சின்தான்!

முதலில் ஆசனம்

எஞ்சினைப் பூட்டிவிட்டு மிகுதி இடத்தில் ஆசனத்தை வைக்கலாம் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் அனுபவசாலிகள் முதலில் ஆசனத்தைத்தான் வைப்பார்கள். ஏனெனில் வண்டி சுமார் 75 கிலோ என்றால் ஓட்டுபவர் 60 கிலோ. ஏறத்தாழ பாதிப் பாரம் மனித உடலே. அந்த உடல் எங்கே அமர்கின்றது என்பதே வண்டி நேராகத் திரும்புமா, வழுக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றது.

இதனை அளப்பதற்குப் பெரிய உபகரணம் தேவையில்லை. நான்கு குளியலறைத் தராசுகளைச் சமதரையில் வைத்து நான்கு சில்லுகளையும் அவற்றின் மேல் நிறுத்த வேண்டும். ஓட்டுபவர் ஆசனத்தில் அமர்ந்த பின்னர் வாசிப்புக்களைக் கூட்டிப் பார்க்கலாம். முன்சில்லுகளில் மொத்தப் பாரத்தின் 43 வீதமளவும் பின்சில்லுகளில் 57 வீதமளவும் இருப்பது ஆரம்பத்துக்கு நல்லது. மொத்தம் 140 கிலோ என்றால் முன்னால் 60 கிலோ, பின்னால் 80 கிலோ. நான்கு வீச்சு எஞ்சின் சுமார் 16 கிலோ பாரத்துடன் வலது பக்கத்தில் அமர்வதால், ஆசனம் சற்று இடது பக்கம் தள்ளி வைக்கப்படும். அப்போதுதான் இரு பக்கமும் சமனாகும்.

ஆசனம் பொதுவாகக் கண்ணாடி நாரினால் ஆனது. அதை நான்கு இடங்களில் போல்ட் கொண்டு சட்டகத்தோடு இணைப்பர். கீழே முன்புறம் இரண்டு, தோளுக்குக் கீழே பக்கவாட்டில் இரண்டு. துளையிடுவதற்கு முன் ஓட்டுபவரை அமரச் செய்து பென்சிலால் அடையாளமிட வேண்டும். முழங்கை சற்று மடிந்த நிலையில் ஸ்ரியரிங் கைக்கு எட்ட வேண்டும். பிறேக்கை முழுதாக மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். போல்ட் தலை ஆசனத்தைப் பிய்த்துக்கொண்டு வராதிருக்க அகலமான வாசர் போடுவது அவசியம். பின்னால் சுழலும் அச்சில் ஆசனம் எக்காரணம் கொண்டும் உரசக்கூடாது.

சுருள்வில் இல்லாத வண்டியில் சட்டகமே வளைந்து கொடுத்துத்தான் திரும்புகின்றது. ஒவ்வொரு குலுக்கலும் நேரே விலா எலும்புக்கே வரும். ஆசனம் அகலமாக இருந்தால் உடல் அங்குமிங்கும் அடிபட்டு விலா நோகும். ஒடுக்கமாக இருந்தால் இடுப்பை நெரிக்கும். அகன்ற இடுப்பும் ஒடுங்கிய மார்புக்கூடும் கொண்ட பெண்ணுக்கு, இடுப்புக்குப் பொருந்தும் ஆசனம் விலாவில் தளர்ந்துவிடும். அந்த இடைவெளியைத் தடித்த ஸ்பொஞ்ச் வைத்து நிரப்ப வேண்டும், விலாக் கவசமும் அணிய வேண்டும். ஆணின் அளவிலான ஆசனத்தில் பெண்ணை அமர்த்திவிட்டு "உனக்கு இது சரிவராது" என்று சொல்வது சுலபம். சரிவராதது பெண் அல்ல, ஆசனமே.

எஞ்சினை இருத்துதல்

எஞ்சின் நேரடியாகச் சட்டகத்தில் பூட்டப்படுவதில்லை. சட்டகத்தின் வலப்பக்க இரு குழாய்களையும் கவ்விப் பிடிக்கும் தட்டு ஒன்று வேண்டும். இரண்டு வீச்சு எஞ்சினின் தட்டிலுள்ள துளைகள் நான்கு வீச்சு எஞ்சினுக்குப் பொருந்தா. ஆகவே அதற்குரிய தட்டை வாங்க வேண்டும் அல்லது தடித்த அலுமினியத் தகட்டில் துளையிட்டுச் செய்துகொள்ள வேண்டும். சட்டகக் குழாயில் துளையிடவோ கண்டபடி வெல்டிங் செய்யவோ கூடாது. குழாய் பலவீனமடைந்து அந்த இடத்திலேயே வெடித்துவிடும்.

அடுத்தது திசை. இவ்வகை எஞ்சினின் வெளித்தண்டை நேரே பார்த்தால் அது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகவே எஞ்சின் வலது பக்கத்தில் இருக்க, தண்டு உட்புறமாக ஆசனத்தை நோக்கி இருந்தால்தான் வண்டி முன்னே செல்லும். மாற்றிப் பூட்டினால் பின்னோக்கிப் போகும்!

எஞ்சின் நிமிர்ந்து, கூடியவரை சமமாக இருக்க வேண்டும். அதன் அடியில் சுமார் 0.6 லீற்றர் ஒயில் உண்டு. உள்ளே சுழலும் சிறு அகப்பை போன்ற பகுதி அந்த ஒயிலை அள்ளித் தெளித்தே எல்லா இடங்களையும் நனைக்கின்றது. எஞ்சின் அதிகம் சரிந்திருந்தால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் இறுகிவிடும்.

பெற்றோல் தாங்கி எஞ்சினின் தலைமேல் இருக்கும். பந்தயக் கார்ட்டில் தாங்கியை ஸ்ரியரிங் தண்டின் கீழே, கால்களுக்கு இடையில் வைப்பதே வழக்கம். அப்போது பெற்றோல் தானாக இறங்காது, சிறிய பெற்றோல் பம்ப் ஒன்று தேவைப்படும். சைலன்சர் ஓட்டுபவரின் கையிலோ முதுகிலோ படாதவாறு தகட்டுக் காப்புப் போட வேண்டும். இவ்வெஞ்சின்களில் சுழற்சியை நிமிடத்துக்கு சுமார் 3600 இல் நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. வேகத்துக்கு ஆசைப்பட்டு அதனைக் கழற்றிவிடுபவர்கள் உள்ளனர். எஞ்சினின் கனமான சுழல்சில்லு அந்த எல்லைக்காகச் செய்யப்பட்டது. எல்லை மீறினால் அது வெடித்துச் சிதறக்கூடும். பழகுபவர் அதனைத் தொடாதிருப்பதே புத்தி.

செயினும் வேகமும்

எஞ்சினின் தண்டில் கிளட்ச் பூட்டப்படும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இது பிடிக்காது. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றைத் தொடும்போது உள்ளிருக்கும் கட்டைகள் வெளியே விரிந்து, சுற்றியுள்ள உருளையைப் பற்றிக்கொள்ளும். அப்போதுதான் செயின் இழுபட்டு வண்டி நகரும். கியர் மாற்றும் வேலை இல்லை.

வேகத்தைக் கணக்கிடுவது ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். கிளட்சில் 12 பற்களும் பின் அச்சில் 60 பற்களும் இருந்தால் எஞ்சின் 5 சுற்றுச் சுற்ற அச்சு ஒரு சுற்றுச் சுற்றும். 3600 ஐ 5 ஆல் பிரித்தால் 720. பின்சில்லின் குறுக்களவு 28 சென்ரிமீற்றர் என்றால் ஒரு சுற்றில் அது 88 சென்ரிமீற்றர் நகரும். ஆக, நிமிடத்துக்கு சுமார் 634 மீற்றர், மணிக்கு 38 கிலோமீற்றர். நிலத்தை ஒட்டி அமர்ந்திருப்பவருக்கு இந்த வேகமே இரு மடங்காகத் தோன்றும்.

கிளட்சின் பல்லும் அச்சின் பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நேரான மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் போதும். செயினின் நடுப்பகுதியை விரலால் அழுத்தும்போது அரை அங்குலமளவு தளர்வு இருக்க வேண்டும். செயினுக்கு மூடி கட்டாயம். முதல் 10 நிமிட ஓட்டத்தின் பின் எல்லா நட்டுக்களையும் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக பிறேக் வேலை செய்கின்றதா என்பதை, எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் வண்டியைத் தள்ளிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு சுற்று

இனித்தான் நாம் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. மேலே பார்த்த கணக்கின்படி பின் அச்சு நிமிடத்துக்கு 720 தடவை, அதாவது ஒரு செக்கனுக்கு 12 தடவை சுழல்கின்றது. அந்த அச்சு ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு சில அங்குலத் தூரத்தில்தான் இருக்கின்றது. அதன் தடிப்பு 30 மில்லிமீற்றர் என்றால் ஒரு சுற்றில் 9 சென்ரிமீற்றருக்கு மேல் சுற்றிக்கொள்ளும். 12 சுற்றில் ஒரு மீற்றருக்கு மேல். ஒரு முழக் கூந்தலை இழுத்துக்கொள்ள அதற்கு அரைச் செக்கன்கூடத் தேவையில்லை. கத்துவதற்கும் நேரம் இருக்காது, பிறேக் பிடிப்பதற்கும் நேரம் இருக்காது.

இது வெறும் கற்பனை அல்ல. 2018 பெப்ரவரியில் இந்தியாவின் அரியானா மாநிலத்திலுள்ள பிஞ்சோரில், பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் குடும்பத்தோடு கார்ட் ஓடச் சென்ற இளம் தாய் ஒருவர், தலைமயிர் சில்லில் சிக்கி உயிரிழந்தார். 2020 ஒக்டோபரில் ஐதராபாத்தில் ஒரு மாணவி இதேபோன்று உயிரிழந்தார். இருவரும் விடுமுறைப் பொழுதை மகிழ்வாகக் கழிக்கச் சென்றவர்கள். செய்தி வெளிவந்ததும் "தலைமயிரைக் கட்டியிருக்கலாமே" என்று சொன்னவர்கள் பலர். அச்சை மூடியிருக்கலாமே என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

1927 இல் பிரான்சின் நீஸ் நகரில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன், தன் நீண்ட சால்வை காரின் சில்லில் சுற்றிக்கொண்டதால் உயிரிழந்தார். அன்று முதல் இன்றுவரை சுழலும் சில்லும் பெண்ணின் ஆடையும் சந்திக்கும் இடத்தில் விபத்து நடந்துகொண்டே இருக்கின்றது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. இந்தியாவின் மோட்டார் வாகன விதிகளில், பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி மோட்டார் சைக்கிளின் பின்சில்லில் பாதியளவாவது மூடும் காப்பு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டுள்ளது. எமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிலும் அந்தக் காப்பை நாம் காண்கின்றோம். சேலை கட்டியவள் பின்னால் அமர்வாள் என்று யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்ததன் பலன் அது. சேலையைக் குற்றம் சொல்லாமல் இயந்திரத்தைத் திருத்தினார்கள். கார்ட் வண்டிக்கும் அதுவே நியாயம். ஆசனத்தின் பின்னால் அச்சையும் செயினையும் மூடும் ஒரு தகடு, நான்கு போல்ட்டுகள். செலவு மிகக் குறைவு.

பிள்ளைகளை அனுப்பும் தாய்மாருக்கு

நகரங்களில் இப்போது காசு கொடுத்துக் கார்ட் ஓடும் இடங்கள் வந்துவிட்டன. பாடசாலைச் சுற்றுலாவிலும் பிள்ளைகள் அங்கே செல்கின்றனர். போகவேண்டாம் என்று மறிப்பதைவிட, கீழ்வருவனவற்றைச் சொல்லி அனுப்புங்கள்.

கூந்தலைப் பின்னித் தொங்கவிட்டால் போதாது. சுருட்டிக் கட்டி, துணிக்குல்லாய்க்குள் அடக்கி, அதன்மேல் தலைக்கவசம் அணிய வேண்டும். தலைக்கவசத்தின் நாடி வார் இறுகியிருக்க வேண்டும். துப்பட்டா, சோல், சேலை என்பவற்றோடு ஏறக்கூடாது. தலையை மூடும் வழக்கமுள்ள சகோதரிகள் நுனி தொங்காதவாறு உடைக்குள் செருகிக்கொள்ளக்கூடிய இறுக்கமான துணியை அணியலாம். கழுத்துச் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த சப்பாத்து நாடா ஆகியனவும் ஆபத்தானவை. ஏறுவதற்கு முன் ஆசனத்தின் பின்னால் சென்று பாருங்கள். அச்சும் செயினும் வெறுமையாகத் தெரிந்தால் ஏறாதீர்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

வீட்டில் செய்யும் வண்டியைத் தெருவில் ஓட்டவே கூடாது. லொறி ஓட்டுநரின் கண்ணுக்கு இத்தனை தாழ்ந்த வண்டி தெரியாது. மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடுவதும் தகாது. அதன் புகையிலுள்ள நஞ்சுக்கு மணம் இல்லை.

ஸ்பனர் யார் கையில்?

கிராமங்களில் பணிபுரியும்போது, கணவனை இழந்த பெண்கள் தனித்து நின்று தோட்டம் செய்வதைக் காண்கின்றேன். விடியற்காலையில் பம்ப்பைத் தூக்கிச் சென்று, கயிற்றை இழுத்து ஸ்ராட் செய்து, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் கட்டுகின்றார்கள். ஆனால் அந்தப் பம்ப் நின்றுவிட்டால் வேலையும் நின்றுவிடும். அயலில் யாராவது ஒரு தம்பி வரும்வரை காத்திருப்பார்கள். அவன் வந்து பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மீண்டும் பூட்டிவிட்டுப் போவான். ஐந்து நிமிட வேலை. அதற்காக ஒரு நாள் தண்ணீர் போய்விடுகின்றது. இதைவிட, அடுத்த முறையும் கேட்க வேண்டுமே என்ற கூச்சம், வீட்டுக்கு ஆண் ஒருவன் வந்துபோகிறான் என்ற ஊர்ப்பேச்சு என்று அந்த ஐந்து நிமிடத்துக்குப் பெண் கொடுக்கும் விலை அதிகம்.

சிறு வயதில் அண்ணன் சைக்கிளுக்குச் செயின் பூட்டும்போது தங்கை தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கின்றாள். அவன் கையில் ஸ்பனர் இருக்க அவள் கையில் கோப்பை இருக்கின்றது. யாரும் கற்பித்துக் கொடுக்காமலேயே இருவரும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றனர். சமூகமயமாக்கம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதனைத்தான். அந்தப் பாடத்தை மாற்ற, கோப்பையை ஒரு நாள் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ஸ்பனரைத் தங்கையிடம் கொடுத்தாலே போதும்.

எல்லாப் பெண் பிள்ளைகளும் பந்தயத்தில் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கார்ட்டில் எஞ்சினைப் பூட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தோட்டத்துப் பம்ப்பைத் திருத்தவும் தெரியும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் திருத்தும் பாடநெறிகளுக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம். தையலும் அழகுக்கலையும் நல்ல தொழில்களே. ஆயினும் பிள்ளையின் நாட்டம் எஞ்சினில் இருந்தால் "அது ஆம்பிளையளின்ர வேலை" என்று தடுக்காதீர்கள்.

நாளை அவள் ஒரு வண்டியைச் செய்யும்போது அதில் ஓடப்போவது நீண்ட கூந்தல் உள்ள ஒருத்தியாகவும் இருக்கலாம் என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே நினைவில் இருக்கும். எஞ்சினைப் பூட்டுகின்ற அன்றே, அச்சுக்கு மூடியையும் அவள் பூட்டிவிடுவாள்.